கம்பா, கைப்பேசியா, செயற்கைக்கோளா: குமரிக் கடற்கரையை நாமே அளக்க எது தோது?

கிழக்கே ஆரோக்கியபுரத்திலிருந்து மேற்கே நீரோடி வரை எந்தத் துறையில், அதாவது கடலோர ஊரில், போய்க் கேட்டாலும் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எவ்வளவு வந்தது, எந்த வருஷத்திலிருந்து, ஆடியில் போன மணல் மாசியில் திரும்பியதா என்று அடுத்த கேள்வியைப் போட்டால் ஆளுக்கொரு கணக்கு. "அன்னா அந்தப் பாறை நிக்குல்லா, அதுக்கும் அந்தப் பக்கம் எங்க வீடு இருந்தது" என்று ஒரு பெரியவர் கையை நீட்டுவார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதை அப்படியே மனுவில் எழுதிக் கொடுத்தால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது வெறும் பேச்சு.

அதனால் ஊர் இளைஞர்களோ, தேவாலயத்தின் பங்குப் பேரவையோ, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோ ‘நம் கரையை நாமே அளந்து வைப்போம்’ என்று கிளம்புவது நல்ல காரியம். கிளம்பியதும் வருவது எதை வைத்து அளப்பது என்ற கேள்வி. ஒருவர் ட்ரோன் என்பார். கம்ப்யூட்டர் படித்த பையன் செயற்கைக்கோள் படம் சும்மாவே கிடைக்கிறதே என்பான். இன்னொருவர் தினமும் ஒரு போட்டோ எடுத்தால் போதாதா என்பார். எல்லாம் நடக்கக்கூடியவைதான். ஆனால் நம் கரைக்கு எல்லாம் ஒரே அளவுக்குப் பொருந்தாது.

ஒப்பிடுவதற்கு முன் நம் கடலின் குணத்தைப் பார்த்துவிடலாம். கன்னியாகுமரி முனைக்கு மேற்கே உள்ள கரை பெரும்பாலும் தென்மேற்கைப் பார்த்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் அலை நேராக வந்து மோதி மணலை வாரிக் கொண்டுபோய்க் கடலுக்குள்ளேயே ஒரு திட்டாகப் போட்டு வைக்கும். காற்று அடங்கிய பிறகு சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரும். தை, மாசியில் கரை அகலமாகக் கிடப்பது அதனால்தான். ஜூலையில் ஒரு தடவை அளந்தால் ஊரே போய்விட்டது போலத் தெரியும், பிப்ரவரியில் அளந்தால் கடல் பின்வாங்கியது போலத் தெரியும். இரண்டும் சரி, இரண்டும் தப்பு. இந்த ஆடியையும் போன ஆடியையும் ஒப்பிட்டால்தான் விஷயம் வெளியே வரும். முனைக்குக் கிழக்கே, சின்னமுட்டம் பக்கம், கரை வேறு திசையைப் பார்ப்பதால் கணக்கும் வேறு. மேற்குக் கரையில் பார்த்ததை அங்கே அப்படியே ஒட்ட முடியாது.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, இது ஆடி மாதத்தில் நடக்குமா என்பதுதான். ஆடியில் நின்றுபோகும் எந்த அளவையும், எவ்வளவு நவீனமாக இருந்தாலும், எனக்கு இரண்டாம் பட்சம்.

வானத்திலிருந்து பார்ப்பது

செயற்கைக்கோளை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் அதன் மேல்தான் மயக்கம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1984 முதல் 30 மீட்டர் துல்லியத்தில், அதாவது படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் என்ற கணக்கில், கிடைக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல்-2 2015இல் மேலே போனது, துல்லியம் 10 மீட்டர். இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் பிடிக்கும் வகையில் 2017 முதல் ஓடுகிறது. எல்லாம் இலவசம். தண்ணீரும் மணலும் சந்திக்கும் நீர்க்கோட்டைப் படத்திலிருந்து தானாகப் பிரித்தெடுக்க ‘கோஸ்ட்சாட்’ என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான படங்களை வைத்துத்தான் நாட்டின் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது, தமிழ்நாட்டில் அது 41 சதவீதம் என்று 2018இல் சொன்னது.

இதில் கிடைக்கும் பெரிய லாபம், நாம் பிறக்காத காலத்துக் கரையையும் பார்க்கலாம் என்பது. 2004 சுனாமிக்கு முன்னால் மேலமணக்குடி எப்படி இருந்தது, கொட்டில்பாட்டில் கரை எங்கே கிடந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை. நாம் இன்று கம்பு நட்டால் இன்றிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கும்.

ஆனால் நம் ஊருக்கு வரும்போது நாலு இடத்தில் கால் இடறுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேலே மேகம். எந்த மாதங்களைப் பார்க்க வேண்டுமோ அந்த மாதங்களில் படம் வெள்ளையாக இருக்கும். இரண்டாவது, நீர்க்கோட்டை நன்றாகக் கண்டுபிடித்தாலும் பத்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். பல துறைகளில் மணலின் மொத்த அகலமே இருபது, முப்பது மீட்டர்தான். மூன்றாவது நம் மாவட்டத்துக்கே உரியது. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட், மோனசைட், கார்னெட் கலந்த கனிம மணல். கடல் கொந்தளித்து லேசான வெள்ளை மணலை வாரிக்கொண்டு போனபின் கனமான கறுப்பு மணல் மேலே தங்கிவிடும். ஈரமான கறுப்பு மணல் படத்தில் தண்ணீர் போலவே இருட்டாகத் தெரியும், மென்பொருளுக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான்காவதுதான் பெரிய இடறல். நம் கரையில் கல்லைக் கொட்டி அலைத் தடுப்புச் சுவர் கட்டிய இடங்கள் ஏராளம். சுவர் வந்தபின் நீர்க்கோடு சுவரடியில் போய் நின்றுவிடும். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் படம் எடுத்தாலும் கோடு நகராது. வரைபடத்தில் ‘நிலையான கரை’ என்று பச்சை நிறம் போட்டுக் கொடுப்பார்கள். கீழே, சுவருக்கு முன்னால் இருந்த மணல் ஆளுயரத்துக்கு இறங்கியிருக்கலாம், கரையில் நின்று இழுக்கும் வலையான கரமடியை இழுக்க இடமே இல்லாமல் போயிருக்கலாம். கோட்டை மட்டும் பார்க்கும் எந்த முறைக்கும் இது தெரியாது.

அதற்காகச் செயற்கைக்கோளை ஒதுக்கிவிட வேண்டாம். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, மேகமில்லாத பிப்ரவரி, மார்ச் படங்களை மட்டும் எடுத்து, சுவர் வருவதற்கு முந்தைய பழைய கதையைத் தயார் செய்து வைத்தால் போதும். அது முன்னுரை. மாதாந்திர வேலைக்கு அதை நம்பக் கூடாது.

ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பது

சிட்னி பக்கம் 2017இல் ‘கோஸ்ட்ஸ்நாப்’ என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கடற்கரையில் ஒரு தூண், அதன் மேல் கைப்பேசியை வைக்க ஒரு தாங்கி. வருகிறவர் போகிறவர் யாரும் அதில் கைப்பேசியை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பலாம். எல்லாப் படமும் ஒரே கோணத்தில் இருப்பதால் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். படத்துக்குள் தெரியும் சில நிலையான பொருட்களின் இடத்தை அளந்து வைத்திருந்தால் நீர்க்கோட்டை வரைபடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். பிறகு இது பல நாடுகளுக்கும் போனது.

நமக்கு இது பிடிக்கும், ஏனென்றால் கைப்பேசி இல்லாத ஆளே இல்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கப் பாறைப் பக்கம் மேட்டில் நின்று கீழே பார்த்தால் மணல் தட்டில் பரிமாறியது போல விரிந்து கிடக்கும். இந்த முறைக்கு வேண்டியது அந்த உயரம்தான். சொத்தவிளை போன்ற சமதளத்தில் தரையில் நின்று எடுத்தால் தூரத்து மணலெல்லாம் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், அளக்க முடியாது.

இன்னொரு சிக்கல் ஏற்றவற்றம், அதாவது கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவது. நம் பக்கம் அது அதிகமில்லை, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில் தண்ணீர் அரை மீட்டர் ஏறினால் நீர்க்கோடு ஐந்து மீட்டர் உள்ளே வந்துவிடும். காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் எடுத்துவிட்டு ‘ஒரே நாளில் ஐந்து மீட்டர் அரிப்பு’ என்று பரப்ப ஆட்களுக்குப் பஞ்சமில்லை. படம் எடுத்த நேரம் தெரியாவிட்டால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. அதனால்தான் வாட்ஸ்அப் குழுவில் படம் சேர்ப்பதை நான் விரும்புவதில்லை. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு அதற்குள் பதிந்திருந்த நேரமும் இடமும் கழன்றுவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

தாங்கியை இரும்பில் செய்தால் உப்புக்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் அதைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்தால் யாராவது கழற்றிக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். கோயில் மதிலிலோ, நூலகத்தின் மொட்டை மாடியிலோ ஒரு மூலையைப் பெயிண்டால் குறித்து, ‘கைப்பேசியை இங்கே ஒட்டி வை, படத்தின் இடது ஓரத்தில் கொடிமரம் வர வேண்டும்’ என்று எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

படத்துக்கு இருக்கும் ஒரு பலத்தை மறுக்க முடியாது. மீனவர் குறைதீர் கூட்டத்தில் எண்கள் நிறைந்த தாளைக் கொடுத்தால் கோப்புக்குள் போகும். ஒரே இடத்திலிருந்து எடுத்த இரண்டு ஆடி மாதப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

பொழிமுகத்துக்கும் படம்தான் தோது. மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் இடமானாலும், தேங்காய்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி சேரும் இடமானாலும், மணல் திட்டு கூடுவதும் உடைவதும் இடம் மாறுவதுமாக இருக்கும். அங்கே கம்பு நட்டு நிற்பது வீண், ஆபத்தும்கூட. வாரம் ஒரு படம், பொழி திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா, திறப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்ற குறிப்பு, இவ்வளவு போதும். முகத்துவாரத்தில் மணல் அடைந்து படகு கவிழ்வதைப் பற்றிப் பேசும்போது அந்தத் தேதிகள் கையில் இருப்பது பெரிய பலம்.

இரண்டு கம்பும் ஒரு கயிறும்

இனி நான் பரிந்துரைப்பதற்கு வருகிறேன். அமெரிக்கக் கடலியலாளர் கே. ஓ. எமரி 1961இல் எழுதி வைத்த முறை இது. ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு கம்பு. இரண்டிலும் மேல்முனையைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடு போட வேண்டும். நடுவே இரண்டு மீட்டர் கயிறு. அவ்வளவுதான் கருவி.

கரைக்கு மேலே அசையாத ஓர் இடத்தில் தொடக்கக் குறி வேண்டும். அங்கே ஒரு கம்பு, கடல் பக்கமாகக் கயிறு நீளத்தில் இன்னொரு கம்பு. பின்கம்பைப் பிடித்திருப்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை தலையை இறக்குவார். அந்தப் பார்வைக்கோடு தன் கம்பில் எந்த எண்ணில் வெட்டுகிறதோ, அந்த இரண்டு மீட்டருக்குள் மணல் அவ்வளவு இறங்கியிருக்கிறது. நடுவே திட்டு ஏறினால் மாற்றிப் பார்க்க வேண்டும்: தன் கம்பின் உச்சியிலிருந்து தொடுவானத்தைப் பார்த்து, அந்தக் கோடு முன்கம்பில் எங்கே வெட்டுகிறது என்று முன்னால் நிற்பவர் விரலை வைத்துக் காட்டுவார். மூன்றாவது ஆள் எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுதுவார். பின்கம்பு முன்கம்பின் குழிக்கு நகரும், முன்கம்பு அடுத்த இடத்துக்கு. இப்படியே ஈர மணல் வரை. ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். வீட்டுக்குப் போய்க் கூட்டினால் கரையின் குறுக்குவெட்டு கோட்டுப் படமாக வந்துவிடும்.

தொடுவானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இதன் ஒரே நிபந்தனை. நமக்கு முன்னால் திறந்த கடல், தீவு கீவு ஒன்றும் மறைக்காது. ஆனால் மேற்குக் கரையில் சாயங்காலம் போனால் சூரியன் கண்ணுக்கு நேரே நின்று கோட்டைக் கரைத்துவிடும். அங்கே காலையில் அளக்க வேண்டும், ஆரோக்கியபுரம் பக்கம் மாலையில். மழை மூட்டத்தில் தொடுவானம் மங்கினால் காத்திருக்க வேண்டியதுதான். ஆடியிலும் மழைக்கு நடுவே வெளிவாங்கும் காலைகள் வரும், மேகமில்லாத செயற்கைக்கோள் படத்துக்குக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். இளகின மணலில் கம்பு புதையாமல் இருக்க அடியில் உள்ளங்கை அளவு பலகைத் துண்டு ஒன்றை ஆணியடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிடிக்கும் ஆளின் பலத்தைப் பொறுத்து அளவு மாறும்.

இந்த முறை கோட்டை மட்டுமல்ல, உயரத்தையும் பிடிக்கிறது. 40 மீட்டர் அகலக் கரை சராசரியாக 30 சென்டிமீட்டர் இறங்கினால், கரையோரம் ஒவ்வொரு மீட்டருக்கும் 12 கனமீட்டர் மணல் போயிருக்கிறது. நூறு மீட்டர் நீளத்துக்கு 1,200 கனமீட்டர். லாரிக் கணக்கில் சொன்னால் 400 யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் நூறு கன அடி). நீர்க்கோடு அதே இடத்தில் இருந்தாலும் இது நடக்கலாம். ‘கடல் கொஞ்சம் வந்திருக்கிறது’ என்பதற்கும் ‘நூறு மீட்டரில் 400 யூனிட் மணல் போயிருக்கிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் வீடு கட்டிய எவருக்கும் புரியும்.

பழைய முறை என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் சிட்னியின் நாரபீன் கடற்கரையைச் சொல்லுங்கள். 1976இல் அங்கே மாதாமாதம் அளக்க ஆரம்பித்தது இதே இரண்டு கம்பை வைத்துத்தான். 2004 வாக்கில்தான் துல்லியமான ஜிபிஎஸ் கருவிக்கு மாறினார்கள். உலகில் நீண்டகாலம் அளக்கப்பட்ட கடற்கரைகளில் அது ஒன்று. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நீனோ காலத்தில் ஒரு முனையில் மணல் குறைந்து மறுமுனையில் கூடுவதைக்கூட அந்த மாதக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

சுவர் இருக்கும் இடங்களில் கம்புகூட வேண்டாம். கான்கிரீட் படிக்கட்டிலோ, சாலையின் தாங்கு சுவரிலோ பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து மணல் வரை டேப்பை இறக்கினால் போதும். கொட்டிய பாறாங்கல்லில் மட்டும் குறி வைக்காதீர்கள். கல்லே அலைக்கு இறங்கும், உருளும். அப்புறம் இறங்கியது மணலா கல்லா என்று தெரியாது. தென்னை மரமும் வேண்டாம், அடுத்த கடலேற்றத்தில் அதுவே போய்விடலாம். கோயில் மதிலின் மூலை, பழைய கிணற்றுக்கட்டு, கரையிலிருந்து தள்ளி நிற்கும் கட்டடத்தின் படி போன்றவை நல்லது. ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள், ஒன்று அழிந்தாலும் மற்றதிலிருந்து மீட்கலாம். கடலுக்குள் பார் (மீன் கூடும் பாறைத்திட்டு) கிடக்கும் இடத்தைக் கோபுரத்தையும் மலையையும் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, அவர்களிடமே குறியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு, போட்ட ஊர்களில் இன்னொரு விஷயம். வளைவின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் அளந்தால் திட்டம் அமோக வெற்றி என்றோ படுதோல்வி என்றோ சொல்லிவிடலாம், எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம். இரண்டு புறமும் ஒவ்வொரு இடம் வேண்டும். மறுபுறம் பெரும்பாலும் அடுத்த ஊராக இருக்கும். அந்த ஊர்க்காரர்களும் குழுவில் இருந்து சேர்ந்து அளக்காவிட்டால், இந்தக் கணக்கு ஊர்ச்சண்டைக்குத்தான் பயன்படும்.

மற்றவை

ட்ரோன் அழகான படம் தரும், முறையாகப் பறக்கவிட்டால் உயரக் கணக்கும் தரும். ஆனால் விலை பல பத்தாயிரம், ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், 2021 ட்ரோன் விதிகளின்படி பறக்கலாமா கூடாதா என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே காற்று. ஆரல்வாய்மொழி கணவாயிலும் முப்பந்தலிலும் காற்றாலை ஏன் நிற்கிறது என்று தெரிந்த ஊரில், ஆடிக்காற்றில் அரைக்கிலோகூட இல்லாத பொருளை யார் பறக்கவிடுவது? எப்போதாவது ஒரு கல்லூரி கொண்டுவந்தால் நன்றியோடு படத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

கைப்பேசி ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுக் கரையோரமாக நடப்பது சுலபம், ஆனால் நாலைந்து மீட்டர் பிழை சாதாரணமாக இருக்கும். நீர்க்கோட்டுக்கு அது உதவாது. அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்திருக்கும் மணல்மேட்டின் ஓரத்தை வருஷத்துக்கு ஒருமுறை அப்படி நடந்து பதியலாம். அந்த ஓரம் அலைக்கு அலை மாறாது. அது பின்வாங்கினால் நிஜமாகவே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

நோட்டில் எழுதும் கடல் குறிப்பை மட்டும் யாரும் ஒரு முறையாகவே மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அலை உடையும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு அலையிலிருந்து பதினோராவது அலை வரும்வரை எத்தனை நொடி என்று எண்ணிப் பத்தால் வகுத்தால் அலையின் இடைவெளி கிடைக்கும். வழக்கத்தைவிட அது கூடி 15 நொடியைத் தாண்டினால், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாள்கணக்கில் நடந்து நம் கரைக்கு வந்திருக்கிறது. கள்ளக்கடல் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். சித்திரை, வைகாசியில் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே அழிக்கால் தெருக்களுக்குள் தண்ணீர் வருவது இப்படித்தான். ஒரு குரும்பையை அலைக்கு அப்பால் எறிந்து, ஒரு நிமிஷத்தில் கரையோரமாக எத்தனை எட்டு நகர்ந்தது, எந்தப் பக்கம் என்று எழுதினால் அன்றைய நீரோட்டமும் பதிவாகிவிடும். காற்று கச்சானா (மேல்காற்று) கொண்டலா (கீழ்காற்று), மணல் கறுப்பா வெள்ளையா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கரமடிக்காரர் ஒருவர் குழுவில் இருந்தால் அரைப் பக்கம் தானாக நிரம்பும். கம்பு எவ்வளவு போனது என்று மட்டும் சொல்லும், ஏன் போனது என்பதற்கான துப்பு இந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

யார் அளப்பது, எந்த நாளில்

கருவியைவிட ஆள்தான் சீக்கிரம் பழுதாகிறது. மாணவர்களை மட்டும் நம்பி ஆரம்பித்தால் ஏப்ரலில் தேர்வு, மேயில் விடுமுறை, ஜூனில் பழைய அணி போய்ப் புது அணி. கரை கரையும் நேரத்தில் கம்பு பிடிக்க ஆளிருக்காது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் கடலை நன்றாக அறிந்தவர்கள். ஆனி, ஆடி அளவை அவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களுக்கு மாணவர்களை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சின்னமுட்டம் பக்கம் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்துவிடும், அங்கே வேறு மாதிரி பிரிக்க வேண்டும்.

நாளுக்கு என் யோசனை, அமாவாசையை ஒட்டி வரும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை, காலைப் பூசை முடிந்து ஆள் கிடைக்கும். அமாவாசையை ஒட்டி எடுத்தால் வற்றம் வரும் நேரம் மாதாமாதம் அதிகம் தள்ளிப்போகாது, ஒப்பிடச் சுலபம். அது தவிர ஒவ்வொரு பெரிய கடலேற்றத்துக்கும் பிறகு, கடல் அடங்கிய பின், ஒரு அளவு.

அடங்கிய பின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. புயலோ மழையோ இல்லாத நாள், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள். கடல் நிலவரத்தைச் சொல்லும் தேசிய மையமான ஹைதராபாத்தின் இன்காய்ஸ் வெளியிடும் எச்சரிக்கையைப் பார்க்காமல் கம்பை எடுக்கக் கூடாது. எச்சரிக்கை இருந்தால் அந்த ஞாயிறு அளவு கிடையாது. எந்த நாளிலும் கம்பு முழங்கால் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது. அதற்கப்பால் உள்ள மணலின் கதை நமக்கு வேண்டாம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இடத்துக்கு இடம் மாறும். சொத்தவிளை, சங்குத்துறை போல மணல் திறந்து கிடக்கும் இடங்களில் கம்பும் கயிறும், வருஷத்துக்கு ஒருமுறை அடும்பு ஓரம். சுவர் கட்டிய துறைகளில் பெயிண்ட் கோடும் டேப்பும், அலைக் குறிப்பும். முட்டம் மாதிரி மேடுள்ள இடத்தில் ஒரே இடத்தில் நின்று எடுக்கும் படம் முதலில், கம்பு துணைக்கு. பொழிமுகத்தில் படம் மட்டும். செயற்கைக்கோள் எல்லா இடத்துக்கும் பொதுவாக, தொடக்கத்தில் ஒரே தடவை. செலவு என்று பார்த்தால் கம்பு, கயிறு, பெயிண்ட், டேப், கெட்டி அட்டை நோட்டு எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை.

கூட்டிக் கழித்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு களத்தில் எழுதிய தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாராவது கேள்வி கேட்டால் காட்ட வேண்டியது வியர்வையும் உப்பும் பட்ட அந்தத் தாளைத்தான். அன்றைக்கே ஒரு படம் எடுத்து, ஒரு பிரதியைப் பங்கு அலுவலகத்திலோ நூலகத்திலோ, இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள்.

எத்தனை இடம் அளப்பது என்று கேட்பவர்களுக்கு, மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பேன். முதல் மாதம் பத்துப் பேர் வருவார்கள், பத்து இடத்தில் குறி போடத் தோன்றும். நாலாம் மாதம் மூன்று பேர்தான் நிற்பார்கள். ஆள் குறைந்தால் இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஒன்றாகக்கூட ஆக்கிக்கொள்ளலாம். மாதத்தை மட்டும் குறைக்கக் கூடாது. வெயில் காயும் மாசியில் அளந்துவிட்டு ஆடியில் வீட்டில் இருந்துவிட்டால், நம் நோட்டைப் பார்ப்பவர் குமரிக் கரையில் மணல் வளர்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்.